எழுபத்து மூன்றாம் குரல்

ஹெட்போனின் மெத்தை காதில் படும்போது சில்லென்று இருந்தது, இந்த அறையில் எல்லாமே சில்லென்றுதான் இருக்கிறது, மேஜை, நாற்காலிக் கைப்பிடி, பௌசியா கொடுத்துவிட்டுப் போன இந்தப் பழுப்புச் சால்வைகூட. இதை அவர் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியே வைத்திருக்கிறார். உள்ளே யார் வந்தாலும் இதைத்தான் நீட்டுவார். துணைவேந்தர் ஒருமுறை இதைப் போர்த்திக்கொண்டு இரும்பு அடுக்குகளுக்கு நடுவே நடந்தபோது மார்கழியில் கோயில் வரிசையில் நிற்பவர் போல இருந்தாராம். "கேட்டு உறுதி பண்ணிக்குங்க சார், எழுபத்து மூணு அவங்கதானான்னு. ஏசி மெக்கானிக் வந்திருக்கார், பார்த்துட்டு வந்துடறேன். நான் வந்தப்புறம் மத்தது." பல்கலைக்கழகத்தின் கணினி மையத்துக்கு அவர்தான் தலைவர், ஏசி மெக்கானிக்கைத் துரத்துவதற்கும் அவர்தான். உறுதி செய்ய எவ்வளவு நேரம் வேண்டும்? பேசுவதற்கு முன் மூச்சை இழுத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "தில்லைநாயகி. வக்கீல், சிவில் பக்கம். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைங்க புரொபசர், உடைஞ்சிடப் போகுது." பின்னால் ஒரு ஆளின் சிரிப்பு. அந்த ஆள் நான்தான், பதினொரு வருடத்துக்கு முந்தைய நான். குரலை வைத்துப் பிழைப்பவர்களின் குரல் என்ன ஆகிறது என்று பார்க்க அன்றைக்கு ஒரு ஆய்வைத் தொடங்கியிருந்தேன். ஆசிரியர்கள், கண்டக்டர்கள், வக்கீல்கள், மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர்கள், எல்லாரையும் வருடத்துக்கு ஒருமுறை அழைத்து, ஒலி புகாத சின்ன அறையில் உட்காரவைத்து, ஒரே பத்தியைப் படிக்கச் சொல்லி, பிறகு மனம்போனபடி பேசச் சொல்லிப் பதிவு செய்தோம். பெயர்களை எடுத்துவிட்டு எண் கொடுத்தோம். எழுபத்து மூன்று என்ற எண்ணை எங்கே பார்த்தாலும், பஸ்ஸின் நெற்றியில் பார்த்தாலும், டோக்கனில் பார்த்தாலும், எனக்கு இந்தக் குரல்தான் கேட்கும். கணீர் என்பார்களே, அந்தச் சொல்லும் போதாது. அடியில் ஒரு கனமும் மேலே ஒரு கூர்மையும், நடுவில் எதையும் பொருட்படுத்தாத ஒரு சிரிப்பும் கொண்ட குரல். எத்தனையோ குரல்களை வரைபடமாகப் பார்த்தவன் நான், கோடு கோடாக, அலை அலையாக. இந்தக் குரலின் வரைபடத்தை மட்டும் வகுப்பில் காட்டும்போது நான் விளக்கம் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். மாணவர்கள் சார் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சை விளக்குகள் சிமிட்டுகின்றன. பதிவுகளைச் சேமித்து வைக்கிற இந்தக் கணினிக் கிடங்கை கிளவுட் என்கிறோம், மேகம், அதைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. மேகம் எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்பார்கள், அண்டர்கிரவுண்டில் என்று பதில் சொல்வார்கள். உண்மைதான், பழைய தேர்வுத்தாள் கிடங்கு இது. துறைகள் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களில் உருப்படியானதைப் பொறுக்கி, புதிதாகக் கொஞ்சம் வாங்கி, பௌசியா இதைக் கட்டியபோது பேராசிரியர்கள் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சும்மாவே இடம் தருகிறார்களே, எதற்கு இந்த வீண் வேலை என்றார்கள். சும்மா தருகிறவன் கேட்காமல் எடுத்துக்கொள்வான் சார் என்று மட்டும் அவர் சொன்னதாக ஞாபகம். அதற்குமேல் வாதாடவில்லை, வேலையைப் பார்த்தார். நம் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்கள், குரல் கொடுத்தவர்கள், தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னவர்கள், அவர்களுடையது எதுவும் இந்த வளாகத்தின் கையை விட்டுப் போகக் கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம். மூன்று இடத்தில் மூன்று பிரதி. ஒன்று இங்கே, ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் மருத்துவக் கல்லூரி மாடியில், ஒன்று எங்கள் துறையில் என் அறைக்குப் பக்கத்திலேயே ஒரு கம்ப்யூட்டர்ப் பெட்டியில். ஒன்றில் ஏதாவது கெட்டுப்போனால் மற்ற இரண்டும் பார்த்துத் தாமாகவே நிரப்பிவிடும். மழை வெள்ளத்தில் இந்தக் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்த வருடம் எங்களுடைய ஒரு பதிவுகூடப் போகவில்லை. அன்றைக்கு முழங்கால் நனைய நின்றுகொண்டு, எல்லாம் இருக்கு சார் என்று அவர் சொன்னபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது. கும்பிடவில்லை. இங்கிலீஷில் நன்றி சொன்னேன். ஏன் நமக்கு மதிப்பு அதிகமாகும்போது வாய் வேறு பாஷைக்குப் போய்விடுகிறது? அந்த நல்ல குணமே, எதையும் இழக்க விடாத அந்தக் குணமே, போன மாதம் என்னைச் சிக்கலில் மாட்டிவிட்டது. தில்லைநாயகி அம்மா தன் குரலை அழித்துவிடச் சொன்னபோது, இதை இன்னொருவரிடம் ஒப்படைக்கக் கூடாது, என் கையாலேயே செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. பௌசியாவிடம் சொல்லாமல் துறையில் இருந்த பெட்டியைத் திறந்து நானே அழித்தேன். அழித்தாயிற்று என்று அந்த அம்மாவுக்குப் போன் செய்தும் சொன்னேன். அவர் வக்கீல் இல்லையா, சத்தியப் பிரமாணமாகச் சொல்வீங்களா என்று கேட்டார். சொல்வதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தால், எழுபத்து மூன்று அங்கேயே இருக்கிறது, ஒன்றும் நடக்காதது போல. பௌசியாவிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டார். "நீங்க அழிச்சதை அது காயம்னு நினைச்சிடுச்சு சார். ஆத்திடுச்சு."

நான் ஓடியது இருக்கட்டும். ஓடுவதற்கு முன்னால் ஒரு கணம் இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குள் எழுந்தது சந்தோஷம். தொலைந்த பிள்ளை தெருமுனையில் நிற்பதைப் பார்க்கிறவனுக்கு வருகிற மாதிரி. அப்புறம்தான் பயமும் கடமையும் எல்லாம் வந்தன. அப்படியானால் அழிக்கும்போது நான் மனதார அழிக்கவில்லையா, துறைப் பெட்டியில் மட்டும் கைவைத்தது அவசரத்தாலா, வேறு எங்காவது மிஞ்சியிருக்கட்டும் என்ற நப்பாசையாலா? தெரியாது. தெரியாது என்று சொல்வதும் ஒரு தப்பித்தல்தான். இந்தக் குரல் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது அந்த அம்மாவுக்கே தெரியும். முதல் மூன்று வருடப் பதிவில் குரல் முழு ஆரோக்கியம். நான்காம் வருடம், கேட்கிற எவருக்கும் வித்தியாசம் தெரியாது, எனக்குத் தெரிந்தது, அடிக்குரலில் ஒரு சிறிய சிராய்ப்பு. எத்தனை நாளாக என்று கேட்டேன். கோர்ட்டில் கத்தியது, தானாகப் போய்விடும், இன்றைக்கு ஒரு வாய்தா இருக்கிறது என்று பையைத் தூக்கினார். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் காட்டியே ஆக வேண்டும் என்று நான் சொன்னேன், அவர் வாதாடினார், நானும் வாதாடினேன், வாழ்க்கையில் ஒரு வக்கீலிடம் நான் ஜெயித்தது அந்த ஒருமுறைதான். ஆட்டோ கூப்பிட்டு, கூடவே ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். அப்படியும் புற்று ஆழமாகப் போயிருந்தது. குரல்வளையையே எடுத்தார்கள். உயிர் தங்கியது. ஐந்தாம் வருடப் பதிவுக்கு அவர் வந்தபோது கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி, உள்ளே ஒரு வால்வு. விரலால் துளையை மூடிக்கொண்டு பேசினார். தாழ்ந்த, சொரசொரப்பான, சரளை மேல் வண்டி போவது போன்ற குரல். "இதையும் பதிவு பண்ணுங்க. கேஸ் கட்டு முழுசா இருக்கணும்." அந்தக் குரலோடு திரும்பவும் கோர்ட்டுக்குப் போனார். முதல் நாள் எதிர்த்தரப்பு ஜூனியர் ஒருவன் சிரித்தானாம். ஏன் தம்பி சிரிக்கிறே, என் வாதம் கேக்காததாலயா, இல்ல கேட்டுட்டதாலயா என்றாராம். நீதிபதி தலையைக் குனிந்துகொண்டாராம். இதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், சிரிப்பு மட்டும் காற்றாக வரும். ஒரு குரலின் முழுப் பாதையும் எங்களிடம் இருப்பது இவருடையது ஒன்றில்தான். இதைக் கேட்டுப் பழகிய காது, பழக்கப்பட்ட மெஷின், வேறு எத்தனை பேருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும் என்று நான் எடுத்துச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அளந்த எண்களை எல்லாம் வெச்சுக்குங்க புரொபசர். எண்கள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாது. குரல் கூப்பிடும்."

காரணம் இல்லாமல் அவர் கேட்கவில்லை. அவருடைய தம்பி மகள் கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் சாப்ட்வேரில் இருக்கிறான். எல்லாரையும் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று, பழைய செல்போன் வீடியோக்களில் இருந்து அவர் குரலை உருவி, கம்ப்யூட்டரிடம் கொடுத்து, ஒரு வாழ்த்துச் செய்தி செய்துவிட்டான். பெரிய திரையில் அவருடைய பழைய போட்டோ. ஸ்பீக்கரில் அவருடைய பழைய குரல். எல்லாரும் வந்ததில் ரொம்ப சந்தோஷம், பிள்ளைகள் நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று அவர் ஒருபோதும் சொல்லாத வார்த்தைகளை அது சொல்லிக்கொண்டு போயிற்று. மண்டபமே அழுதது. தம்பி அழுதார். முதல் வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த இவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் எழுந்து மேடைக்குப் போய், மைக்கை வாங்கி, கழுத்தில் விரலை வைத்தார். "அது நான் இல்லை. நான் இங்கே இருக்கேன். எல்லாரும் சாப்பிட்டுப் போங்க." அவ்வளவுதான் பேசினாராம். எனக்கு இதைச் சொன்னபோது கோபமே இல்லை, ஒரு தீர்ப்பைப் படிக்கிற மாதிரி சொன்னார். அந்தக் குரல் இருக்கும்வரை இந்தக் குரலை எல்லாரும் நோய் என்றுதான் நினைப்பார்கள், இதுதான் என் குரல், என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் பொறுப்பு, நான் சொல்லாததற்கு என்னால் பொறுப்பேற்க முடியாது. போன் வீடியோவிலேயே அவ்வளவு செய்தான் என்றால் உங்களிடம் இருக்கிற சுத்தமான பதிவு கிடைத்தால் என்ன செய்யமாட்டான் என்றார். யாருக்கும் கிடைக்காது என்றேன். இன்றைக்கு நீங்கள் இருக்கிறீர்கள், அந்தப் பெண் பௌசியா இருக்கிறாள், நாளைக்கு யார் இருப்பார் என்றார். தன்னுடைய மிக அழகான ஒன்றை, ஊரே கொண்டாடிய ஒன்றை, வேண்டாம் என்று சொல்ல ஒரு மனுஷிக்கு எவ்வளவு தெம்பு வேண்டும்! நான் என் பழைய பேனாவைக்கூடத் தூக்கிப்போடாதவன்.

சட்டைப் பையில் போன் இருக்கிறது. இதை இவ்வளவு நேரம் நினைக்காமல் இருக்கத்தான் மற்றதையெல்லாம் நினைத்தேனோ என்னவோ. போனை வெளியே வைக்கச் சொல்லி பௌசியா விதி எழுதவில்லை. அப்படி எழுதினால் உங்களைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும் என்றார் ஒருமுறை. ஹெட்போனைக் கழற்றி, போனை அதன் மெத்தைக்குள் வைத்து, ரெக்கார்டு பட்டனைத் தொட்டால் போதும். முழுவதும் வேண்டாம். ஒரு நிமிடம். ஆய்வுக்காகக்கூட இல்லை, ஆய்வுக்கு அந்தத் தரம் போதாது, அது எனக்குத் தெரியும், அப்படியென்றால் எதற்காக? கை பைக்குள் போயிருக்கிறது. போனின் ஓரம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கிறது, இந்த அறையில் வெதுவெதுப்பான பொருள் இது ஒன்றுதான். காதில் பதிவு போய்க்கொண்டிருக்கிறது. "இப்போது ஆ என்று இழுத்துச் சொல்லுங்கள், மூச்சு முடியும்வரை." இது என் குரல். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் மாதிரி, அலட்டிக்கொள்ளாத, வாத்தியார்க் குரல். அதைத் தொடர்ந்து அவருடைய ஆ, நீண்டு, நீண்டு, அசையாமல். நான் அவருடைய ஆவைக் கேட்கவில்லை. பின்னுக்கு இழுத்து, என்னுடைய வாக்கியத்தை மறுபடி கேட்கிறேன். மறுபடியும். இதுதானா? இதைத்தான் எடுத்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறேனா? எச்சில் விழுங்குகிறேன், தொண்டையில் ஒரு நெல் உமி ஒட்டியது போல இருக்கிறது, ஒரு மாதத்துக்கு மேலாக இருக்கிறது. மிளகுப் பால், கல்லுப்பு, அதிமதுரம். மனைவி ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைக்க விட்டிருக்கிறேன். வகுப்பில் படங்களைக் காட்டிச் சமாளிக்கிறேன். மூன்று வாரம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், போஸ்டர் அடித்து ஒட்டியவன், நான்காவது வாரத்தில் என்ன சொல்லிக்கொண்டேன்? பரீட்சை முடியட்டும். ஐந்தாவது வாரத்தில்? இது வேறு மாதிரி. என் குரலைப் பதிவு செய்து வரைபடம் பார்க்க என் அறையில் எல்லாக் கருவியும் இருக்கிறது. பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் குரல் போய்விட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை, அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மேடையேறி, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லத் தெரிந்திருந்தது. கை பைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பழைய குரலைத் திருடிக்கொண்டு போய் வீட்டில் ஒளித்துவைத்து, அதைக் கேட்டுக் கேட்டு, இப்போதும் இப்படித்தான் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு, அதற்காக அவருக்குக் கொடுத்த வார்த்தையை உடைத்து. சத்தியப் பிரமாணமாகச் சொல்வீங்களா. கையை வெளியே எடுக்கிறேன். போன் உள்ளேயே கிடக்கிறது. ஹெட்போனையும் கழற்றி வைத்துவிட்டேன், இல்லையென்றால் எடுத்த கை மறுபடி போகும், என் கையை எனக்குத் தெரியும். இரைச்சல் மட்டும் இப்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து மின்விசிறிகளின் இரைச்சல், ஆயிரம் பேரின் பேச்சைச் சுமந்துகொண்டு ஒரு வார்த்தையும் வெளியே விடாத இரைச்சல்.

பௌசியா வந்துவிட்டார், கையில் ஈரம், ஏசிப் பெட்டியில் தேனீ கூடு கட்டியிருந்ததாம். அவங்கதானே சார் என்றார். தலையாட்டினேன். தலையாட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார். இது அவர் எழுதிய முறை. அழிப்பது என்றால் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் எண்ணைச் சொல்ல வேண்டும், மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு ஆளை மாற்றிச் சொல்ல வேண்டும். கண் தவறும், கை தவறும், ஒரே நேரத்தில் இரண்டு வாயும் இரண்டு காதும் தவறாது என்பார். ஒவ்வொருவருடைய பதிவுக்கும் அவர் கம்ப்யூட்டருக்குள் ரகசியக் குறியீட்டால் தனித்தனிப் பூட்டு வைத்திருக்கிறார், பூட்டுக்குத் தனித்தனிச் சாவி, சாவிகள் எல்லாம் தனியாக ஒரு சின்னப் பெட்டியில். பிரதிகளைத் தேடித் தேடி அழிக்கத் தேவையே இல்லை. சாவியை அழித்தால் மூன்று இடத்திலும் இருப்பது ஒரே நொடியில் வெறும் குப்பை, காயத்தை ஆற்றுகிற குணம் குப்பையைத்தான் ஆற்றிக்கொண்டிருக்கும். இந்தக் கிடங்கைக் கட்டிய முதல் மாதத்திலேயே இதைச் செய்து வைத்துவிட்டாராம், இன்றுவரை யாரும் கேட்கவில்லையாம். காப்பாற்றுவதற்கு ஒரு வீட்டைக் கட்டும்போதே, வெளியேற விரும்புகிறவருக்கு ஒரு கதவையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார், தட்ட ஆள் வருமா என்று தெரியாமலே. நானாக இருந்தால் கட்டியிருப்பேனா? சேர்ப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றியிருக்காது. எழுபத்து மூன்று, என்றேன். குரல் நடுவில் உடைந்தது. அவர் என்னைப் பார்த்தார், திருப்பிச் சொன்னார். பிறகு அவர் சொல்ல, நான். ஆளுக்கு ஒரு முறை கீபோர்டில் பட்டனை அழுத்தினோம். மணி அடிக்கவில்லை, விளக்கு அணையவில்லை. திறந்து பாருங்க சார் என்றார். முயன்றேன். திறக்கவில்லை. பதிவு அங்கேதான் இருக்கிறது, அதே நீளம், அதே கனம், ஆனால் உள்ளே யாரும் இல்லை. அவருடைய ஆ இல்லை, அதற்கு முன்னால் இருந்த என் வாக்கியமும் இல்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. பந்தி முடிந்து இலை எடுத்த கூடம் போல மனம் வெறுமையாக, கொஞ்சம் சுத்தமாகக்கூட இருந்தது. நல்லா கட்டியிருக்கீங்க என்று பௌசியாவிடம் சொன்னேன், இந்த முறை தமிழில். அவர் சால்வையை வாங்கி ஆணியில் மாட்டினார்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. தில்லைநாயகி அம்மா நோட்டீஸ் போர்டுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, போன வருடத்து டெண்டர் அறிவிப்பைத் தப்புக் கண்டுபிடிக்கிற முகத்தோடு படித்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து பார்க்கலாம் என்று எவ்வளவோ சொன்னேன், காலையில் மாட்டேன் என்றுவிட்டார். என் தகனத்துக்கு நானே எதுக்கு என்றார். என்னைப் பார்த்ததும் விரல் கழுத்துக்குப் போயிற்று. "போச்சா?" போச்சு என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, தோள் மட்டும் ஒரு விரற்கடை இறங்கியது. சத்தியமாகவா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்து, சத்தியமாக என்பதைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. "இன்னொருவாட்டி சொல்லுங்க." போச்சும்மா. கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை நாளா?" எது என்றேன், கூண்டில் நிற்கிற முட்டாள் சாட்சி மாதிரி. ஜலதோஷம், வகுப்பு ஜாஸ்தி, பரீட்சை முடியட்டும் என்று ஏதேதோ சொன்னேன், சொல்லச் சொல்ல அன்றைக்கு அவர் சொன்னவைதான் என் வாயிலிருந்து வருகின்றன என்று தெரிந்தது, கோர்ட்டில் கத்தியது, தானாகப் போய்விடும், இன்றைக்கு ஒரு வாய்தா. அவர் எதையும் மறுக்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "ஆ என்று இழுத்துச் சொல்லுங்கள். மூச்சு முடியும்வரை." நான் சொல்கிற அதே வார்த்தைகள், அதே எழுத்துத் தமிழ், அந்தச் சரளைக் குரலில். சுற்றிலும் பார்த்தேன், இரண்டு மாணவிகள் படியேறிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து, வாயைத் திறந்து, சொன்னேன். கொஞ்ச தூரம் போயிற்று, கரகரத்தது, இரண்டாகப் பிரிந்தது, நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், வழக்கமாக நான் கேட்பதுபோல. பிறகு பையை எடுத்து எழுந்தார், என் முழங்கையைப் பிடித்து என்னையும் எழுப்பினார். பயமாக இருக்கிறது என்றேன். வெகு நாளைக்குப் பிறகு நான் சொன்ன ஒழுங்கான வாக்கியம் அது. "இருக்கும்" என்றார். அவ்வளவுதான். மெயின் கேட் அங்கிருந்து நல்ல தூரம், டீக்கடைப் பக்கம் ஒரே ஒரு ஆட்டோ, டிரைவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் கூப்பிடக் கையைத் தூக்கினேன். தில்லைநாயகி அம்மா என் கையை இறக்கிவிட்டு, விரலைக் கழுத்தில் வைத்து, மூச்சை இழுத்தார். அந்த மூச்சு எனக்குத் தெரியும். ஆட்டோ என்று கூப்பிட்டார், ஒரே முறை, தாழ்ந்து, கரடுமுரடாக, அசையாமல். டிரைவர் திரும்பினார்.